தெற்குத் தொட்டி

எழுதாதேங்கோ மிஸ். கொஞ்சம் பொறுங்கோ. அந்தப் பேனையை ஒருக்கா மூடி வையுங்கோ. படகு வர இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு. ஓட்டோவுக்குள்ளையே இருங்கோ, வெளியிலை நிண்டால் வெய்யில் மண்டையைப் பிளக்கும். இளனி வெட்டட்டோ? வேண்டாமோ. சரி, வேண்டாம்.

இப்ப வாசிச்சுக் காட்டினியளே, கடைசி ரெண்டு வரி, அதைப்பற்றித்தான் சொல்லுறன். இருபத்தொரு குதிரையை மூண்டு இடத்திலை கண்டது எண்டு ஒரு வரி. அதுகளை இறங்குதுறைக்குக் கிட்ட ஒரே தண்ணித் தொட்டிக்குப் பழக்கினால் வாற சனம் ரெண்டு மடங்காகும் எண்டு அடுத்த வரி. முதல் வரி இருக்கட்டும். ரெண்டாவதை மட்டும் வெட்டி விடுங்கோ மிஸ். உங்களுக்குப் பெரிய புண்ணியம் கிடைக்கும்.

என்ன? ரெண்டாவது இல்லாட்டி முதலாவதுக்குப் புள்ளி இல்லையோ? குதிரை இருந்தும் பயணி போய்ப் பாக்க ஏலாட்டி அது சேத்தியில்லையோ? ஐயோ, ஆர் மிஸ் இந்தப் படிவத்தை அடிச்சது?

காலமையிலையிருந்து நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் வாறன். பெருக்கமரத்துக்குப் பத்துக்கு நாலு போட்டியள். அது ஆற்றை காலத்திலையிருந்து நிக்கிற மரம், அடியிலை இருக்கிற பொந்துக்குள்ளை பத்துப் பேர் நிக்கலாம், அது உங்களுக்கு என்ன பிழை விட்டது? போற வழியிலை நிழல் இல்லையெண்டு எழுதினியள். கடற்கரைக்கு ஆறு. அரை மைல் நடந்தாலும் முழங்காலுக்கு மேலை தண்ணி வராது, சின்னப்பிள்ளையைக்கூட நம்பி விடலாம். கக்கூசு இல்லையெண்டு நாலைக் கழிச்சுப் போட்டியள். கோட்டைக்கு மூண்டு. சரி, அது கல்லுக் குவியல்தான், அதை நான் மறுக்கேல்லை. நூறுக்கு அம்பது வரவேணும். குதிரையை விட்டுப்போட்டுப் பாத்தால் கிட்டவும் வராது. நானும் உங்கடை தோளுக்குப் பின்னாலை நிண்டு கூட்டிப் பாத்தனான், கோவிக்காதேங்கோ.

அம்பது வராட்டி என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். உங்கடை கந்தோர் அனுப்பின கடிதத்தைப் பங்குச் சுவாமி கோயில்லை வாசிச்சவர். சனம் வாறது குறைஞ்சு போச்சு, பின்னேரப் படகை வைச்சிருக்கிறதோ நிப்பாட்டுறதோ எண்டு ஒராள் வந்து தீவைச் சுத்திப் பாத்துப் புள்ளி போடுவார், அதைக் கொண்டு முடிவெடுப்பினம் எண்டு. அந்த ஒராள் நீங்கள்.

மற்றச் சனத்துக்குப் பின்னேரப் படகு நிண்டால் கரைச்சல். எனக்கு அது கரைச்சல் இல்லை மிஸ். என்ரை மனிசி செத்துப்போவா.

வாய் தவறிச் சொல்லேல்லை. றெஜினா, என்ரை மனிசி. ரெண்டு சிறுநீரகமும் பழுதாகி மூண்டு வரியம். செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை இரத்தம் சுத்தம் செய்யிற மெசினிலை நாலு மணித்தியாலம் படுக்கவேணும். காலமை ஆறு மணிப் படகிலை போனால் பின்னேரப் படகிலை வந்து இறங்கலாம். இண்டைக்கும் வெள்ளிதானே. நீங்கள் ஏறிப் போகப்போற படகு இருக்கெல்லே, அதிலைதான் அவ வந்து இறங்கப்போறா. எப்பவும் நான்தான் கூடப் போறனான். இண்டைக்கு உங்களுக்காக நிண்டிட்டன், மச்சாளை அனுப்பினனான்.

பின்னேரப் படகு இல்லாட்டி அடுத்தநாள் காலமைதான் இஞ்சாலை படகு. கிழமையிலை ரெண்டு இரவு அவ எங்கை படுக்கிறது? போன வரியம் எஞ்சின் பழுதெண்டு மூண்டு கிழமை அந்தப் படகு ஓடேல்லை. ஓட்டோவை விட்டிட்டு என்னாலை அங்கை தங்க ஏலாது, அவவைத் தனிய அனுப்பிச் சொந்தக்காரர் வீட்டிலை தங்க விட்டனான். முதல் நாள் கோழி அடிச்சுக் குடுத்தினம். மூண்டாம் தரம் போகேக்கை, படலைக்குக் கிட்ட இவவின்ரை சத்தம் கேட்ட உடனை உள்ளுக்கை ரீவிச் சத்தத்தைக் கூட்டி விட்டினமாம். அவ தட்டாமலே திரும்பி வந்து இரவு முழுக்கப் பஸ் நிலைய வாங்கிலிலை இருந்திருக்கிறா. அடுத்த முறை போகமாட்டன் எண்டிட்டா. "என்னை இப்பிடியே விட்டிடுங்கோ, ஆற்றையும் வாசல்லை போய் நிக்க என்னாலை ஏலாது" எண்டா. ரெண்டு தரம் மெசின் தவறிச்சுது. முகம் ஊதி, மூச்செடுக்க ஏலாமல், ஐயோ, அதைக் கண்ணாலை பாக்க ஒருத்தருக்கும் வரக்கூடாது மிஸ். நேவிக்காரர் தங்கடை வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போய்க் காப்பாத்தினவங்கள்.

யாழ்ப்பாணத்திலை வீடு எடுத்து இரன் எண்டு சொல்லவாறியள். அந்த வசதி இருந்தால் நான் ஏன் உங்களைப் பிடிச்சு வைச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கிறன்?

இப்ப உங்கடை மனசிலை ஓடுறது எனக்கு விளங்குது. குதிரையைக் கிட்டக் கொண்டுவந்தால் சனம் வரும், சனம் வந்தால் படகு ஓடும், உனக்கும் நல்லதுதானே, பேந்தேன் இந்த மனுசன் வெட்டு வெட்டு எண்டு நிக்குது எண்டு. நல்ல யோசினைதான் மிஸ். அந்த யோசினை முதல்லை ஆருக்கு வந்தது எண்டு நினைக்கிறியள்? எனக்கு. நாலு வரியத்துக்கு முந்தி.

இருங்கோ, சொல்லுறன். எங்கடை தீவிலை ஆடி, ஆவணி, புரட்டாதி மூண்டு மாசமும் ஒரு சொட்டு மழை கிடையாது. குளமெல்லாம் வெடிச்சுப்போம். குதிரைக்கெண்டு பழைய ஆக்கள் புல்வெளியிலை கல்லுத்தொட்டி கட்டி வைச்சிருக்கினம். ஒவ்வொரு தொட்டியும் ஒவ்வொரு குடும்பத்தின்ரை முறை. கோடை முழுக்க விடியப்புறம் எழும்பிக் கிணத்திலை அள்ளி நிரப்பவேணும். வீட்டிலை செத்தவீடு நடந்தாலும் முதல்லை தொட்டி, பேந்துதான் மற்ற அலுவல். தெற்குத் தொட்டி எங்கடை முறை. என்ரை கலியாணத்தண்டு காலமையும் நான் அள்ளி ஊத்திப்போட்டுத்தான் வேட்டி கட்டினனான்.

அந்த நேரம் இஞ்சை வெளியாக்கள் வரத் துவங்கின காலம். குதிரை பாக்கத்தான் வாறவை. வேறை என்னத்தைப் பாக்கிறது, நீங்களே நாலும் மூண்டுமாப் போட்டிருக்கிறியள். ஆனால் குதிரை நிக்கிறது தெற்கு வெளியிலை. இஞ்சையிருந்து கல்லுப் பாதையாலை போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால். அரைவாசிச் சனம் போகாமலே திரும்பிப் போகும். ஒருநாள் கொழும்பிலையிருந்து வந்த ஒராள், பொம்பிளை பிள்ளையளோடை வந்தவர், இந்த இடத்திலைதான், "குதிரைத் தீவு எண்டு ஏமாத்துறியள்" எண்டு என்னைக் கள்ளன் கணக்கா ஏசினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது.

பள்ளிக்கூடத்திலை கூட்டம் கூட்டினம். நான்தான் எழும்பிச் சொன்னனான். இறங்குதுறையடியிலை சீமெந்திலை ஒரு தொட்டி கட்டுவம், தெற்குத் தொட்டியை நிப்பாட்டுவம், என்ரை முறைதானே, நான் நிப்பாட்டுறன். தண்ணி எங்கையோ அங்கைதானே குதிரை வரும்? எல்லாரும் கையை உயத்தினவை மிஸ். எல்லாரும். இண்டைக்கு என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புற ஆக்கள் ரெண்டு கையையும் உயத்தினவை. என்ரை மச்சான் பொலிக்காப்பு, றெஜினாவின்ரை தம்பி, அவன் ஒருத்தன்தான் உயத்தேல்லை. "அத்தான், அதுகள் தங்கடை எல்லையைத் தாண்டாதுகள். பிறந்த தொட்டியிலைதான் குடிக்குங்கள்" எண்டான். நான் சிரிச்சனான். தாகம் எடுத்தால் மனுசனே சாதி பாக்காமல் குடிப்பான், குதிரை எல்லை பாக்குமோ எண்டு கேட்டனான். மண்டபம் முழுக்கச் சிரிச்சது.

தொட்டி கட்டினம், தண்ணி விட்டம். நாலாம் நாள் பதினொரு குதிரை வந்துது. வடக்குப் பக்கத்துக் குதிரையள். சனம் படகாலை இறங்கின உடனை குதிரை! எப்பிடியிருக்கும்? எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடுகினம். அந்தக் கிழமைதான் பின்னேரப் படகும் தந்தவை. எனக்குக் கோயில்லை மாலை போட்டினம். பொய்யில்லை, வேணுமெண்டால் சுவாமியைக் கேளுங்கோ.

தெற்குக் குதிரை வரேல்லை. அது இருபத்தாறு.

பொலிக்காப்பு வந்து சொன்னான், "அத்தான், எல்லாம் தொட்டியடியிலை வந்து நிக்குதுகள்." நிக்கட்டும் எண்டன். அடுத்தநாளும் வந்தான். இப்ப தண்ணி ஊத்தினால் பேந்து ஒருநாளும் இஞ்சாலை வராதுகள், இன்னும் ரெண்டு நாள் பொறு எண்டன். நான் சொன்னதிலை நியாயம் இருக்கோ இல்லையோ? ஒரு பிள்ளைக்குப் பால் மறக்கப் பண்ணுறதெண்டாலும் தாய் நெஞ்சைக் கல்லாக்கத்தானே வேணும். அஞ்சாம் நாள் வந்தான். "படுக்குதுகள் அத்தான்" எண்டான். அண்டைக்கு ரெண்டு படகும் நிரம்பி வந்தது. ஓட்டோவுக்கு ஓய்வில்லை. ஓடிக்கொண்டேதான் அவனுக்குச் சொன்னனான், நாளைக்குப் பாப்பம் எண்டு.

ஆறாம் நாள் போனன்.

அதைப்பற்றி நான் ஆரோடையும் கதைக்கிறேல்லை. வறட்சி மிஸ். அந்த வரியம் அப்பிடி ஒரு வறட்சி. மாடுகளும் செத்தது, ஆடுகளும் செத்தது. வறட்சியிலை குதிரை செத்ததெண்டுதான் கந்தோர்க் கடதாசியிலையும் கிடக்கு.

தொட்டியைச் சுத்தி வட்டமாக் கிடந்துதுகள். எல்லாம் தலை உள்பக்கம். ஒரு குட்டி மட்டும் எழும்பி நிண்டு கல்லை நக்கிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி நாக்கு வெடிச்சு, கல்லு சிவப்பாக் கிடந்தது. நான் கிணத்தடிக்கு ஓடினன். அள்ளி ஊத்தினன், அள்ளி ஊத்தினன், கை ரெண்டும் உரிஞ்சு போச்சு. றெஜினாவும் வந்து அள்ளினவ. அந்த நேரம் அவவுக்கு நல்ல சுகம், ரெண்டு குடத்தோடை ஓடுவா. குடத்தைக் குட்டியின்ரை வாயடியிலை பிடிச்சுக்கொண்டு என்னைப் பாத்தா. இண்டு வரைக்கும் அதைப்பற்றி அவ ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பன் மிஸ்.

பத்தொன்பது செத்தது. ஏழு தப்பிச்சுது.

பேந்து ஊர் கூடி முறையை என்னட்டையிருந்து பறிச்சு மச்சானுக்குக் குடுத்தவை. பரம்பரை முறை! சுவாமிக்கு முன்னாலை வைச்சு, இனி நீ தொட்டிப் பக்கம் போகக்கூடாது எண்டு சொன்னவை. கையை உயத்தின அதே ஆக்கள்தான். அடுத்த வரியம் றெஜினா விழுந்தா. அதுக்கும் என்ன கதைச்சினம் தெரியுமோ? பழி ஓரிடம் பாவம் ஓரிடம், குதிரையின்ரை தாகம் அவவின்ரை சிறுநீரகத்திலை போய் இருந்திட்டுதாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைத்தானே. நான் அதையெல்லாம் நம்புறேல்லை. உப்புத்தண்ணி குடிக்கிற ஊரிலை எத்தனை பேருக்கு இந்த வருத்தம் வருது. நம்புறேல்லை மிஸ். ஆனால் டொக்டர் அவவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணி எண்டு ஒரு சின்னப் போத்தலைக் காட்டினவர். "கொஞ்சம் தாங்கோப்பா, நாக்கு நனைக்க மட்டும்" எண்டு இரவிலை கேப்பா. நான்தான் இல்லையெண்டு சொல்லவேணும். என்ரை வாயாலை.

இல்லை, இல்லை, ஒண்டுமில்லை. தூசி.

இறங்குதுறைக்கு வந்த பதினொண்டோ? அதுகளும் இல்லை. சனம் திங்கக் குடுக்கிறமெண்டு பாண் துண்டைப் பொலித்தீன் பையோடையே போட்டு, அதைத் திண்டு வயிறு ஊதி ரெண்டு வரியத்துக்குள்ளை ஒவ்வொண்டாச் செத்துப் போட்டுது. குதிரையில்லையெண்டு தெரிஞ்ச உடனை சனமும் நிண்டுது. இப்ப நீங்கள் வந்திருக்கிறியள்.

ஓம், கேக்க வாறது விளங்குது. பத்தொன்பதும் செத்து பதினொண்டும் செத்தால், இண்டைக்குப் பாத்த இருபத்தொண்டும் எங்கையிருந்து வந்ததெண்டுதானே?

மிஸ், நீங்கள் படிச்ச ஆள். காலமை எத்தினை எண்ணினியள்? ஏழு. மத்தியானம் ஆலடிக்குப் பக்கத்திலை? ஏழு. பேந்து கடற்கரைப் பத்தையடியிலை? ஏழு. எல்லா இடத்திலையும் ஏன் ஏழு ஏழா நிக்குதெண்டு உங்களுக்கு ஒரு யோசினையும் வரேல்லையே. மூண்டு இடமும் ஒரே தெற்கு வெளிதான். உங்களைக் கிழக்காலை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போனன், வடக்காலை சுத்தி மேற்காலை ஒருக்கா, பேந்து கரையாலை ஒருக்கா. நாங்கள் சுத்துற நேரத்திலை பொலிக்காப்பு பின்னாலை நிண்டு அதுகளை மெள்ள மெள்ள நகத்தினவன். அவனுக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை. அக்காவுக்காகச் செய்தவன். ஒவ்வொரு இடத்திலையும் ஓட்டோவைத் தூரத்திலை நிப்பாட்டி உங்களை வெய்யிலுக்கை நடக்க வைச்சனானெல்லே, அதுக்குக் காரணம் பாதையில்லை. என்ரை ஓட்டோச் சத்தம் கேட்டால் அதுகள் ஓடுங்கள். என்ரை சத்தத்தை அதுகள் மறக்கேல்லை.

நான் நினைச்சது, நீங்கள் இருபத்தொண்டைக் கண்டால் சந்தோசப்பட்டுப் புள்ளி போட்டுப்போட்டுப் போவியள் எண்டு. உங்களைச் சுத்தோ சுத்தெண்டு சுத்தினதிலை நீங்கள் களைச்சுப்போய், "இவ்வளவு தூரம் பயணி வரமாட்டார், குதிரையைக் கிட்டக் கொண்டுவரவேணும்" எண்டு எழுதுவியளெண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை. என்ரை தலையெழுத்தைப் பாருங்கோ. நான் சொன்ன வசனத்தையே எனக்கு வாசிச்சுக் காட்டுறியள்.

நீங்கள் எழுதினால் கந்தோர் செய்யும். இருபத்தொண்டு நிக்குதெண்டு நம்பித் தெற்குத் தொட்டியை மண் போட்டு மூடும். ஏழும் அந்த மண்ணைச் சுத்தி நிக்கும் மிஸ். அந்தக் குட்டி இப்ப வளந்திட்டுது. அதுதான் முன்னுக்கு நிக்கும். அதுகள் செத்தால் இந்தத் தீவிலை குதிரையெண்டு ஒண்டு இல்லை. அதாலைதான் சொல்லுறன், எழுதாதேங்கோ.

என்ன சொன்னனியள்? அப்ப ஏழு எண்டு எழுதட்டோ எண்டோ? உள்ளதை உள்ளபடி எழுதினால் எத்தினை புள்ளி வரும்? நாப்பத்தொண்டோ. ஒன்பது குறையுதே. பெருக்கமரத்துக்கு இன்னும் ரெண்டு போட ஏலாதோ? கடற்கரைக்கு ரெண்டு? கக்கூசு நான் கட்டுறன், என்ரை கையாலை கட்டுறன். கோட்டையடியைத் துப்பரவாக்கிறன். ஏலாதோ. ஏலாதெண்டால் ஏலாதுதான். உங்களிலை பிழையில்லை. நீங்களும் மேலை பதில் சொல்லவேணும்.

ஏழு எண்டு எழுதினால் குதிரை தப்பும், படகு நிக்கும். இருபத்தொண்டு எண்டு எழுதினால் படகு ஓடும். மாதாவே, நான் ஒரு மனுசன், என்னட்டையே ஏன் ரெண்டு தரமும் கேக்கிறாய்?

எழுதுங்கோ மிஸ். ஏழெண்டு எழுதுங்கோ. ஓம், நிதானமாத்தான் சொல்லுறன். பத்தொன்பதுக்கு நான் பதில் சொல்லவேணும். எழுதுங்கோ.

அந்தா, படகு வந்திட்டுது. அவ எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்திலை இருக்கிறா, நீலச் சீலை. எப்பவும் நான் கையைப் பிடிச்சு இறக்கிறனான். பாருங்கோ, மச்சாளுக்குப் பிடிக்கத் தெரியேல்லை. படியிலை நிண்டு மூச்சு வாங்கிறா. றெஜினா! நில்லுமப்பா, நில்லும், நான் வாறன்! விழுந்திடாதையும்!

இஞ்சை வாரும், இதிலை இரும். இதுதான் கந்தோராலை வந்த மிஸ். என்ன கை இவ்வளவு குளிரா இருக்கு? ஊசி குத்தின இடம் இன்னும் கசியுதே. என்ன? மிஸ்ஸைக் கேளுமன், நானேன் பொய் சொல்லுறன். ஓமப்பா, குதிரை கண்டவ. வடிவாக் கண்டவ. செவ்வாய்க்கிழமைக்கு ஒண்டும் யோசியாதையும். படகு ஓடும்.

மிஸ், ஒரு நிமிசம் இஞ்சாலை வாங்கோ, அவவுக்குக் கேக்கக்கூடாது. ஏழெண்டு எழுதினதை வெட்டுங்கோ. நான் சொன்ன கதை ஒண்டையும் மனசிலை வைச்சிருக்காதேங்கோ, அது சும்மா, வெய்யிலுக்கை நிண்டு வந்த கதை. நீங்கள் எண்ணினதுதான் சரி. இருபத்தொண்டு. ரெண்டு வரியையும் எழுதுங்கோ. எழுதிப்போட்டுக் கெதியாப் போய் ஏறுங்கோ, கயிறு கழட்டுறாங்கள்.